பார்க்கின்சன் நோய்: டாக்டர் பெங்களூருவில்... மீதி நாட்களுக்கு யார்? ஓசூர், கிருஷ்ணகிரிக்கு ஏன் உள்ளூர்த் துணை தேவை?

பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் முகவரியிலேயே 'ஓசூர் ரோடு' என்று இருக்கும். மூளை, நரம்பு, மனநலம் மூன்றுக்கும் நாட்டின் முக்கியமான நிறுவனங்களில் ஒன்று அது. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஏறினால் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, எலெக்ட்ரானிக் சிட்டி என்று அதே சாலையைப் பிடித்துப் போய் இறங்கிவிடலாம். நாற்பது கிலோமீட்டருக்குள்தான். "நம்ம ஊருக்கு என்ன குறை, பெரிய ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கு" என்று ஓசூர்க்காரர்கள் சொல்வதில் நியாயம் உண்டு.

ஆனால், ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பார்க்கின்சன் நோய் உள்ள ஒருவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நரம்பியல் டாக்டரைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு நான்கு நாள். மீதி 361 நாட்கள்? சட்டைப் பட்டன் போட முடியாத காலை, பாத்ரூம் வாசலில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டு நகராத நிமிடம், மாத்திரை நேரம் தவறிய ராத்திரி ஷிஃப்ட், மனைவியோ மகளோ தூங்காமல் விழித்திருக்கும் இரவுகள். இதெல்லாம் நடப்பது ஓசூரிலும் சூளகிரியிலும் கிருஷ்ணகிரியிலும்தான். அதற்கான துணையும் இங்கேதான் இருக்க வேண்டும்.

முதலில், பார்க்கின்சன் என்றால் என்ன?

1817-ல் லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அவர் பிறந்த ஏப்ரல் 11-தான் இன்று உலக பார்க்கின்சன் தினம். தமிழில் 'நடுக்குவாதம்' என்கிறோம். பெயரிலேயே நடுக்கம் இருப்பதால், கை நடுங்கினால்தான் இந்த நோய் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. நடுக்கமே இல்லாமலும் இது வரும்.

நம் உடல் அசைவுகளைச் சீராக வைத்திருக்க மூளைக்கு டோபமைன் என்ற ரசாயனம் வேண்டும். அதைச் சுரக்கும் நரம்பு செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிவதால் வருவதுதான் பார்க்கின்சன். அசைவுகள் மெதுவாகும், தசைகள் விறைக்கும், நடை குறுகும், முகத்தில் உணர்ச்சி தெரியாது, குரல் தணியும், கையெழுத்து பொடிப்பொடியாகும். இதற்குப் பல வருடம் முன்பே மலச்சிக்கல், வாசனை தெரியாமல் போவது, தூக்கத்தில் கை கால் வீசுவது போன்றவை தொடங்கியிருக்கலாம். மனச்சோர்வும் பதற்றமும் இந்த நோயின் பகுதிதான். "நோய் வந்துடுச்சேன்னு கவலைப்படுறார்" என்று மட்டும் சொல்லி அதைத் தள்ளிவிட முடியாது.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2019-ல் உலகம் முழுக்க 85 லட்சத்துக்கும் அதிகமானோர் இந்த நோயுடன் வாழ்ந்தார்கள். 25 ஆண்டுகளில் இந்த எண்ணிக்கை இரட்டிப்பாகியிருக்கிறது.

ஓசூருக்கு இது ஏன் தனியாக முக்கியம்?

காரணம், வயது. ஓசூர் சிப்காட் வளர்ந்தது 1970-களிலும் 80-களிலும். லாரி, டூவீலர், கைக்கடிகாரம், உதிரிபாகம் என்று கம்பெனிகள் வரிசையாக வந்தன. அப்போது இருபது, இருபத்தைந்து வயதில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டியவர்கள். பார்க்கின்சன் அதிகம் வருவதும் அந்த வயதுக்கு மேல்தான். ஓசூரின் முதல் தலைமுறைத் தொழிலாளர்கள் இப்போதுதான் கூட்டமாக முதுமைக்குள் நுழைகிறார்கள்.

இவர்களில் பலர் வெளியூரிலிருந்து வந்தவர்கள். தர்மபுரி, சேலம், மதுரை, ஆந்திரா, கேரளா, கர்நாடகா என்று ஊர் ஊராக வந்து இங்கே வீடு கட்டித் தங்கியவர்கள். சொந்த ஊரில் இருந்திருந்தால் அண்ணன், தம்பி, அத்தை, மாமா என்று நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள். இங்கே ஹவுசிங் போர்டு வீட்டில் கணவனும் மனைவியும் மட்டும். பிள்ளைகள் பெங்களூருவில் ஐ.டி. வேலையில். துணைக்கு ஆள் என்றால் பக்கத்து வீடும், கூட வேலை பார்த்த பழைய நண்பர்களும்தான்.

இன்னொன்று, மொழி. இந்த எல்லையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் ஓடும். தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் ஒரு பாட்டிக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பதென்றால், அது அவர் பேசும் மொழியில் இருந்தால்தான் பலன்.

தொழிற்சாலையால்தான் வருகிறதா?

தொழில் நகரம் என்றதும் இந்தக் கேள்வி வரும். நேர்மையான பதில்: பெரும்பாலானவர்களுக்கு ஒற்றைக் காரணம் என்று எதையும் காட்ட முடியாது. வயது, மரபணு, சுற்றுச்சூழல் எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன. மாங்கனீசு அதிகமாக உடலில் சேர்ந்தால் பார்க்கின்சன் போன்றதொரு பாதிப்பு வரும் என்பது 1837-லேயே பதிவானது. வெல்டிங் புகையில் மாங்கனீசு இருப்பதால்தான் அங்கே காற்றோட்டமும் முகக்கவசமும் வலியுறுத்தப்படுகின்றன. உலோக பாகங்களில் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கப் பயன்பட்ட டிரைகுளோரோஎத்திலீன் கலந்த தண்ணீரைக் குடித்த அமெரிக்கக் கடற்படை முகாம் வீரர்களுக்கு பார்க்கின்சன் அபாயம் 70 சதவீதம் அதிகம் என்று 2023-ல் ஓர் ஆய்வு வெளியானது. பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கும் நோய்க்கும் தொடர்பு காட்டும் ஆய்வுகள் உண்டு.

இதை வைத்து, குறிப்பிட்ட ஒருவருக்கு வந்த நோய் அவர் பார்த்த வேலையால்தான் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு பக்கம் ஷாப் ஃப்ளோர், இன்னொரு பக்கம் தக்காளி, ரோஜா, மா என்று பூச்சிமருந்து புழங்கும் வயல் உள்ள ஒரு மாவட்டம் இந்த நோயைக் கவனிக்காமல் இருக்க முடியாது என்று நிச்சயம் சொல்லலாம்.

மாத்திரை இருக்கே, அது போதாதா?

மாத்திரை முக்கியம். லெவோடோபா-கார்பிடோபா கூட்டு மாத்திரைதான் இன்றும் முதன்மையான மருந்து. இந்தியாவின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இருப்பதால் விலை உச்சவரம்புக்குள் வருகிறது. ஆனால் இது நோயைக் குணப்படுத்தாது, அறிகுறிகளைத்தான் குறைக்கும். சில வருடங்கள் போனதும், ஒரு டோஸுக்கும் அடுத்த டோஸுக்கும் நடுவில் மருந்தின் வேகம் இறங்கும். காலை பத்து மணிக்கு நன்றாக நடந்தவர் பதினொன்றரைக்கு நாற்காலியிலிருந்து எழ முடியாமல் தவிப்பார். பார்க்கிறவர்கள் "நடிக்கிறாரோ" என்று நினைப்பார்கள். நடிப்பு இல்லை, மருந்து இறங்கியிருக்கிறது.

அதனால் நேரம்தான் எல்லாமே. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரமாவது முன்னால் எடுக்கச் சொல்வார்கள். பருப்பு, முட்டை, இறைச்சி போன்ற புரத உணவுடன் சேர்ந்தால் சிலருக்கு மருந்து சரியாக ஏறாது. இதை ஐந்து நிமிட ஓ.பி.யில் டாக்டர் ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால், காலை ஷிஃப்ட்டுக்கு ஐந்து மணிக்கே டிபன் கட்டும் வீட்டில் அதை எப்படி நடைமுறைப்படுத்துவது என்பதை, அதே நிலையில் இருக்கும் இன்னொரு குடும்பம்தான் சொல்லித் தர முடியும்.

மருந்தோடு உடற்பயிற்சி, பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி மூன்றும் தேவை. பெங்களூருவில் ஒருநாள் சொல்லித் தரும் பயிற்சியை வீட்டில் ஒரு மாதம் விடாமல் செய்தால்தான் பலன். தனியாக யாரும் விடாமல் செய்வதில்லை. நாலு பேர் சேர்ந்தால் செய்வார்கள்.

ஆதரவுக் குழு என்னதான் செய்யும்?

இது புது யோசனை இல்லை. பிரிட்டனில் 1969-ல் தன் சகோதரிக்கு இந்த நோய் வந்தபோது தகவல் கிடைக்காமல் அலைந்த மாலி ஜென்கின்ஸ் என்ற பெண் தொடங்கிய சங்கம்தான் இன்றைய 'பார்க்கின்சன்ஸ் யுகே'. மும்பையில் நரம்பியல் டாக்டர் பி.எஸ்.சிங்கால் முன்னெடுப்பில் 2001-ல் தொடங்கிய பார்க்கின்சன் நோய் மற்றும் அசைவுக் கோளாறு சங்கம், நாட்டின் பல ஊர்களில் ஆதரவுக் குழுக்களை நடத்துகிறது. புனேயில் நடனக் கலைஞர் ஹ்ருஷிகேஷ் பவார் பார்க்கின்சன் உள்ளவர்களுக்காகவே நடன வகுப்புகள் நடத்தினார். நடனம் எதற்கு என்றால், தாளம். கால் தரையோடு உறைந்து நிற்கும்போது வெளியிலிருந்து ஒரு தாளமோ, எண்ணிக்கையோ, தரையில் ஒரு கோடோ கிடைத்தால் மூளை வேறு வழியில் காலை நகர்த்திவிடுகிறது.

இது தெரியாத வீட்டில் என்ன நடக்கும்? அப்பா வாசற்படியில் நின்றுவிட்டால் மகன் கையைப் பிடித்து இழுப்பான். இழுத்தால் விழுவார். தெரிந்த வீட்டில், "நில்லுங்கப்பா... ஒண்ணு, ரெண்டு, இப்ப வைங்க" என்பார்கள். அல்லது வாசலில் கலர் டேப் ஒட்டியிருப்பார்கள். ஒரு ரோல் டேப்பும் ஒரு தகவலும் இடுப்பு எலும்பு முறிவைத் தவிர்க்கலாம். ஆதரவுக் குழுவில் கைமாறுவது இந்த மாதிரி விஷயங்கள்தான்.

பேங்க் கையெழுத்தும் அப்படித்தான். எழுத்து சுருங்கிப்போனதால் செக் திரும்பி வரும். கையெழுத்துப் போட முடியாதவர்கள் இரண்டு சாட்சிகள் முன்னிலையில், அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க, கைரேகை வைத்துப் பணம் எடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலே இருக்கிறது. இது தெரியாமல் பென்ஷன் பணத்துக்காகத் திரும்பத் திரும்ப அலைய வேண்டியதில்லை.

வேலையில் இருக்கும்போதே வந்தால்?

50 வயதுக்கு முன்பே பார்க்கின்சன் வருபவர்களும் உண்டு. நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸுக்கு 1991-ல் கண்டுபிடிக்கப்பட்டபோது வயது 29. அசெம்பிளி லைனில் நொடிக்கணக்கில் வேலை ஓடும் ஊரில், கை மெதுவானால் முதலில் தெரிவது சூப்பர்வைசருக்குத்தான். நடை தள்ளாடினால் "காலையிலேயே போட்டுட்டு வந்துட்டான்" என்ற பேச்சு வரும். நோயை விட அந்தப் பேச்சுக்குப் பயந்து மறைப்பவர்கள் அதிகம்.

இங்கேதான் ஒரு முக்கியமான தகவல். இ.எஸ்.ஐ. திட்டத்தில் 34 நீண்டகால நோய்களுக்கு 'நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பயன்' உண்டு. அந்தப் பட்டியலில் பார்க்கின்சனும் இருக்கிறது. சாதாரண நோய் விடுப்புக்கு வருடத்தில் 91 நாட்கள், 70 சதவீத ஊதியம். இந்தப் பட்டியலில் உள்ள நோய் என்றால் 80 சதவீத ஊதியம், இரண்டு ஆண்டுகள் வரை. இரண்டு ஆண்டுகளாவது இ.எஸ்.ஐ.யில் இருந்து, விதிப்படி சந்தா கட்டியிருக்க வேண்டும். கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் இது பொருந்தும். ஐந்து ஆண்டுகளாவது இ.எஸ்.ஐ.யில் இருந்து ஓய்வுபெற்றவர்கள், வருடம் 120 ரூபாய் கட்டித் தனக்கும் மனைவி அல்லது கணவருக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். ஆனால் மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் இ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே.

சட்டத்தில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்க்கின்சன் நோயைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. பணியில் இருக்கும்போது மாற்றுத்திறனாளி ஆகிறவரை வேலையைவிட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு அரசு நிறுவனங்களுக்கு மட்டும். தனியார் நிறுவனங்களுக்கு சமவாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும் என்ற கடமைதான் இருக்கிறது. கிட்டத்தட்ட முழுக்கத் தனியார் வேலையை நம்பியிருக்கும் ஓசூருக்கு இந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை. சட்டம் மாறும்வரை காத்திருக்காமல், இங்குள்ள தொழிற்சங்கங்கள் ஊதிய ஒப்பந்தப் பேச்சுவார்த்தையிலேயே இதைக் கேட்கலாம்: நைட் ஷிஃப்ட்டில் இருந்து விலக்கு, மாத்திரைக்கு இடைவேளை, வேகம் குறைவான பணிக்கு மாற்றம். இதற்குக் கம்பெனிக்கு ஆகும் செலவு பெரிதில்லை.

அரசு உதவி என்ன கிடைக்கும்?

தமிழ்நாட்டில் பார்க்கின்சன் பாதிப்பு உள்ளவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மூலம் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. அதற்கு முதலில் யு.டி.ஐ.டி. எனும் தேசிய அடையாள அட்டை வேண்டும். இது நாடு முழுக்கச் செல்லும். எல்லையோரத்தில் வாழ்பவர்களுக்கு இது முக்கியம்.

சிக்கல் எங்கே என்றால், மதிப்பீட்டில். மருந்து வேலை செய்யும் நேரத்தில் டாக்டர் முன் போய் நின்றால் நன்றாக நடப்பார், சதவீதம் குறையும். மருந்து இறங்கிய நேரத்தின் நிலையையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும், முடிந்தால் வீடியோ எடுத்துக் காட்ட வேண்டும். இதுவும் முன்னால் போய் வந்தவர் சொன்னால்தான் அடுத்தவருக்குத் தெரியும்.

தொடங்கியது இந்த மாவட்டத்தில்தானே?

2021 ஆகஸ்ட் 5-ம் தேதி 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். சுகர், பிரஷர் மாத்திரை வீடு தேடி வரும். இயன்முறை சிகிச்சையும் வலி நிவாரணப் பராமரிப்பும் வீட்டிலேயே கிடைக்கும். 2024-ல் ஐ.நா. விருதும் இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது.

வீடு வீடாகப் போகும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் இருக்கிறார். வண்டியில் வரும் பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார். கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டுவிட்டது. அடித்தளம் தயார். இதில் சேர்க்க வேண்டியது மூன்றுதான். ஒன்று, நடை சுருங்கியவர், குரல் தணிந்தவர், முகம் இறுகியவர் யாரும் வீட்டில் உண்டா என்று தன்னார்வலர் கேட்க ஒரு சிறு பயிற்சி. இரண்டு, ஏற்கெனவே நோய் உறுதியானவர்களுக்கு பார்க்கின்சன் மாத்திரையையும் வீடு சேர்க்கும் பட்டியலில் சேர்ப்பது. மூன்று, மாதம் ஒருமுறை ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் ஒரு கூட்டம். அரசு மருத்துவமனை ஹாலோ, மாநகராட்சி சமுதாயக் கூடமோ போதும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். கர்நாடக அரசும் நிம்ஹான்ஸும் சேர்ந்து 2022-ல் மூளைநலத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, வலிப்பு, பக்கவாதம், மறதி நோய் போன்றவற்றைக் கவனிக்க ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்குப் பயிற்சி அளித்தன. மாவட்ட மருத்துவமனைகளில் மூளைநல கிளினிக்குகளும் வந்தன. நிபுணர் மாவட்டத்துக்கு வர முடியாவிட்டாலும் அவருடைய அறிவு வர முடியும் என்பதற்கு அது உதாரணம். அதே ஓசூர் ரோட்டில் அந்த அறிவு இந்தப் பக்கமும் வரலாம்.

"இதெல்லாம் வேலைக்கு ஆகுமா?"

எதிர்வாதங்களும் இருக்கின்றன. சுகரும் ஹார்ட் அட்டாக்கும் இவ்வளவு இருக்கும்போது, சிலருக்கு மட்டும் வரும் நோய்க்குத் தனி ஏற்பாடா என்று கேட்கலாம். தனி ஏற்பாடு தேவையில்லை என்பதுதான் பதில். விழாமல் நடக்கப் பயிற்சி, விழுங்கப் பயிற்சி, பராமரிப்பவருக்கு ஓய்வு ஆகிய மூன்றும் பக்கவாதம் வந்தவர் வீட்டுக்கும் தேவை. ஒன்றுக்குச் செய்தால் இரண்டுக்கும் ஆகும்.

இன்னொரு தயக்கம் இன்னும் நியாயமானது. புதிதாக நோய் தெரிந்தவர் குழுவுக்குப் போய், வீல்சேரில் இருப்பவரைப் பார்த்தால் "நானும் இப்படித்தான் ஆகப்போறேனா" என்று உடைந்துபோக மாட்டாரா? நடக்கக்கூடியதுதான். அதனால்தான் நன்றாக நடத்தப்படும் குழுக்கள் புதியவர்களைத் தனியாக உட்காரவைத்துப் பேசுகின்றன. இந்த நோய் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் போவதில்லை என்பதை முதல் நாளே சொல்ல வேண்டும்.

பராமரிப்பவரை மறந்தால் எல்லாமே வீண். பல வீடுகளில் அது மனைவி, மருமகள் அல்லது மகள். அவரிடம் யாரும் "நீ சாப்பிட்டியாமா, தூங்கினியா" என்று கேட்பதில்லை. மாதம் ஒருநாள் இரண்டு மணி நேரம், நோயாளிகள் ஒரு அறையில் பயிற்சி செய்யும்போது பராமரிப்பவர்கள் இன்னொரு அறையில் டீ குடித்துக்கொண்டு பேசினால் அதுவே பெரிய சிகிச்சை. நடுவில் மனசு தாங்காத நாட்களுக்கு 14416 என்ற டெலி மானஸ் இலவச எண் இருக்கிறது. தமிழிலும் பேசலாம்.

யார் ஆரம்பிப்பது?

அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற தொழிலாளர்களின் நட்பு வட்டம் இந்த ஊரில் பெரிய பலம். ஒரே பேட்ச்சில் சேர்ந்தவர்கள், ஒரே கம்பெனி பஸ்ஸில் முப்பது வருடம் போனவர்கள். கல்யாணம், காதுகுத்து, துக்கம் எதற்கும் கூடுபவர்கள். "ரிட்டயர் ஆனதுல இருந்து அவர் வெளியவே வர்றதில்லையே" என்று ஒருவரைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டிருக்கலாம். அந்த வீட்டுக் கதவைத் தட்டிப் பார்ப்பதுதான் முதல் வேலை. அவர் கதவைத் திறக்கக் கொஞ்சம் நேரமாகும். நின்று காத்திருக்க வேண்டும்.